ஓக் படாத வெள்ளை வைன் வாய்க்குப் பிடிக்கவில்லையா? பிழையைக் கிளாஸில் இருந்து தேடத் தொடங்குங்கள்

விலை குறைந்த வெள்ளை வைன் ஒன்றை வாங்கித் திறந்து, இரண்டு மிடறு குடித்துவிட்டு, "இதுக்குப் போய் இவ்வளவு காசா" என்று மூடி வைத்தவர்கள் யாழ்ப்பாணத்தில் நிறையப் பேர். எங்கள் குடும்பத்துக்குள்ளேயே நாலைந்து பேர் இருக்கிறார்கள். ஒவ்வொருவராகக் கேட்டுப் பார்த்ததில் எனக்கு விளங்கியது இதுதான்: வைனில் பிழை இருந்தது ஒன்றிரண்டு தரம்தான். மற்றதெல்லாம் அது இங்கே வந்து சேர்ந்த விதம், வைத்திருந்த இடம், ஊற்றின கிளாஸ், பக்கத்தில் இருந்த கறி.

முதலில் ஓக் படாத வைன் என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். சில வைன்களை ஓக் மரப் பீப்பாவில் மாதக்கணக்கில் வைத்து எடுப்பார்கள், பீப்பா அதற்கு வனிலா மணமும் வறுத்த மணமும் கொஞ்சம் துவர்ப்பும் கொடுக்கும். ஓக் படாத வைன் துருப்பிடிக்காத உருக்குத் தாங்கியில் குளிராகவே புளித்து, பெரும்பாலும் சில மாதங்களிலேயே போத்தலுக்குப் போய்விடும். பீப்பாச் செலவு இல்லை, காத்திருக்கும் செலவும் இல்லை, அதனால் விலை குறைவு. பழமும் புளிப்பும்தான் அதன் முழுச் சொத்து. மேலே போர்த்து மறைக்க மர மணம் இல்லாததால் சின்னக் குறை வந்தாலும் உடனே நாக்கில் தெரியும். பனங்கள்ளுக் குடித்துப் பழகியவர்களுக்கு இதை விளக்கவே தேவையில்லை. விடிய இறக்கின கள்ளுக்கும் பின்னேரம் மிஞ்சின கள்ளுக்கும் என்ன வித்தியாசமோ, அதே மாதிரியான விசயம்தான் இது, கொஞ்சம் மெதுவாக நடக்கும், அவ்வளவுதான்.

அதனால் பிழை தேடும்போது பின்னாலிருந்து முன்னுக்கு வாருங்கள். முதலில் கிளாஸ், பிறகு குளிர், பிறகு சாப்பாடு, பிறகு வைத்திருந்த இடம், கடைசியாகத்தான் வைன். எடுத்த எடுப்பில் வைனைக் குறை சொன்னால் அடுத்த போத்தலிலும் அதே பிழைதான் நடக்கும்.

எந்தப் போத்தலைத் திறந்தாலும் ஒரே மணம்

வேறு வேறு நாட்டு வைன், வேறு வேறு விலை, ஆனால் எல்லாவற்றிலும் ஒரே ஓரமான மணம் இருந்தால் அது வைனின் மணம் இல்லை, கிளாஸின் மணம். எங்கள் ஊர்த் தண்ணி சுண்ணாம்புக் கல்லுக்குள்ளால் வருகிற தண்ணி. கிளாஸைக் கழுவிக் கவிழ்த்து வைத்தால் காய்ந்த பிறகு உள்ளே மெல்லிய வெள்ளைப் படலம் நிற்கும். கிணற்றுக்குக் குளோரின் போட்ட கிழமை என்றால் இன்னும் மோசம். அதோடு, நல்ல கிளாஸ் என்று சொல்லி ஆட்கள் வரும்போது மட்டும் எடுக்கிற கிளாஸ்கள் எங்கே இருக்கும்? அலுமாரிக்குள், கவிழ்த்தபடி, பக்கத்தில் பூச்சி உருண்டையோடு. கவிழ்த்த கிளாஸ் அந்த மணத்தைப் பிடித்து வைத்திருக்கும்.

வெறும் கிளாஸுக்குள் மூக்கை வைத்து ஒருதரம் மணந்து பாருங்கள். ஏதாவது மணம் வந்தால் வடிகட்டின தண்ணியிலோ குடிக்கிற போத்தல் தண்ணியிலோ அலசி, சவர்க்கார மணம் இல்லாத பருத்தித் துணியால் துடையுங்கள். அதற்குப் பிறகும் எனக்குத் திருப்தி வராவிட்டால் வைனிலேயே ஒரு மேசைக்கரண்டி ஊற்றிச் சுற்றி, அதைக் கொட்டிவிட்டுத்தான் ஊற்றுவேன். விலை உயர்ந்த கிளாஸ் தேவையில்லை, வாய்ப்பக்கம் கொஞ்சம் ஒடுங்கினதாக இருந்தால் போதும்.

சாராயம் மாதிரி எரிக்கிறது, பழ மணமே இல்லை

சூடு. வேறு ஒன்றும் இல்லை. புத்தகங்களில் "அறை வெப்பநிலை" என்று எழுதியிருப்பது எங்கள் அறை இல்லை. இங்கே சித்திரை, வைகாசியில் வீட்டுக்குள்ளேயே 31, 32 பாகை நிற்கும். இந்த வகை வைன் 8 முதல் 10 பாகைக்குள் இருக்க வேண்டும். 15ஐத் தாண்டினால் புளிப்பு மங்கி, மதுசாரம்தான் முன்னுக்கு வந்து மூக்கில் குத்தும்.

பிரிட்ஜின் கீழ்த்தட்டில் மூன்று மணித்தியாலம் வைத்தால் சரியாக வரும். ஆட்கள் படலையடியில் வந்து நின்ற பிறகுதான் ஞாபகம் வந்தது என்றால், ஒரு வாளியில் பாதி ஐஸ், பாதி தண்ணி, இரண்டு கைப்பிடி உப்பு. தனி ஐஸ் போடாதீர்கள், ஐஸ் கட்டிகளுக்கு நடுவே காற்றுத்தான் இருக்கும், தண்ணி இருந்தால்தான் போத்தலைச் சுற்றிலும் குளிர் ஒட்டும். உப்பு ஐஸை இன்னும் கீழே இழுக்கும். கழுத்து வரைக்கும் அமிழ்த்தி, இடைக்கிடை போத்தலைத் திருப்பிவிட்டால் கால் மணித்தியாலம் போதும். ஐஸ் இல்லாவிட்டால் மீன்சந்தைப் பக்கம் கட்டி ஐஸ் வாங்கலாம், வாளிக்குள் போத்தலுக்கு வெளியேதானே நிற்கப்போகிறது, பிறகு போத்தலைக் கழுவித் துடைத்துவிட்டு ஊற்றுங்கள்.

கிணற்றுக்குள் இறக்கிப் பார்த்தவர்களும் உண்டு. எங்கள் கிணற்றுத் தண்ணி ஏறக்குறைய 28 பாகை. வெயிலில் நின்ற போத்தலுக்கு அது ஆறுதல், ஆனால் குடிக்கிற குளிர் அதில் வராது. ஈரத்துணி சுற்றி மின்விசிறிக்குக் கீழே வைப்பதும் அப்படித்தான், காற்றில் ஈரம் கூடின நாளில் அது பெரிதாக வேலை செய்யாது. மேல்தட்டு உறைபனிப் பெட்டிக்குள் வைத்தால் கைத்தொலைபேசியில் அரை மணித்தியாலத்துக்கு மணி வையுங்கள். மறந்தால் வைன் உறைந்து விரிந்து மூடியைத் தள்ளிவிடும், சில வேளை போத்தலே வெடிக்கும்.

இன்னொரு விசயம், ஊற்றின பிறகும் வெயில் விடாது. கிளாஸ் நிறைய ஊற்றினால் பாதி குடிப்பதற்குள் மிச்சம் சூடாகிவிடும். மூன்று விரல் உயரம் மட்டும் ஊற்றுங்கள், போத்தல் திரும்ப வாளிக்குள் போகட்டும். ஐஸ் கட்டியைக் கிளாஸுக்குள் போடலாமா என்று கேட்பார்கள். போட்டால் குற்றமில்லை, ஆனால் ஐஸ் கரையக் கரைய மெல்லிய வைன் இன்னும் மெல்லியதாகும். அதற்குப் பதில் எங்கள் தோட்டத்து முந்திரிகைப் பழத்தை (திராட்சையை) உறைய வைத்துப் போடுங்கள். சுன்னாகம், உரும்பிராய்ப் பக்கம் வாங்குகிற கறுப்புப் பழம் விதையோடு இருந்தாலும் பரவாயில்லை, தண்ணி விடாமல் குளிரைக் கொடுக்கும், கடைசியில் பழத்தையும் சாப்பிடலாம்.

பச்சைத் தண்ணி மாதிரி, மணமும் இல்லை சுவையும் இல்லை

மேலே சொன்னதற்கு நேர் எதிர். பிரிட்ஜ் 4 பாகையில் ஓடினால் அதில் இரவு முழுக்க நின்ற போத்தல் வாய் திறக்காது. வெளியே எடுத்து வைத்துப் பத்து நிமிடம் பொறுங்கள். கிளாஸைக் கையால் பொத்திப் பிடித்தாலும் சரி. அதற்குப் பிறகும் ஒன்றும் வரவில்லை என்றால் வைன் பழசாகி இருக்கலாம், போத்தலில் உள்ள ஆண்டைப் பாருங்கள்.

ஆண்டைப் பார்க்கும்போது ஒரு கணக்கு: அவுஸ்திரேலியா, நியூசிலாந்து, சிலி, தென்னாபிரிக்காவில் மாசி முதல் சித்திரை வரை பழம் வெட்டுவார்கள், ஐரோப்பாவில் ஆவணி, புரட்டாதியில். அதனால் ஒரே ஆண்டு போட்டிருந்தாலும் தெற்கில் இருந்து வந்தது அரை வருசம் மூப்பு. இந்த விலை வைனில் நான் மூன்று வருசத்துக்கு மேல் பழசானதை வாங்குவதில்லை. வைன் என்றால் பழசாகப் பழசாக நல்லது என்ற கதை இந்த வகைக்குப் பொருந்தாது, கடைக்காரர் பழைய ஆண்டைக் காட்டி "இது நல்ல பழைய சாமான் அண்ணை" என்று சொன்னாலும் புதுசைக் கேட்டு வாங்குங்கள்.

கறியோடு குடித்தால் வாய் பத்தி எரிகிறது

எனக்கு எல்லாவற்றிலும் கூடக் கேள்வி வருவது இதைப் பற்றித்தான். வறுத்துத் திரித்த தூள் போட்ட நண்டுக் கறி, பக்கத்தில் 13 சதவீத மதுசாரம் உள்ள வைன். ஒரு மிடறு குடித்ததும் உறைப்பு இரண்டு மடங்காகத் தெரியும், வைன் கசக்கும்.

காரணம் நாக்கில் இருக்கிறது. மிளகாயின் உறைப்பை உணரும் அதே நரம்பு வாயில்தான் சூட்டையும் உணரும். வழக்கமாக அது ஏறக்குறைய 42 பாகையில்தான் "சுடுகிறது" என்று சொல்லத் தொடங்கும். மதுசாரம் பட்டால் அந்த எல்லை 34 பாகைக்கு இறங்கிவிடுகிறது என்று 2002இல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது. எங்கள் உடம்பே 37 பாகை. அப்படியென்றால் மிளகாய் ஏற்கனவே தட்டியெழுப்பிய நரம்பை மதுசாரம் இன்னும் உலுப்புகிறது, வைனின் தரத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

திருத்துவதற்கு இரண்டு பக்கம் இருக்கிறது. வைன் பக்கம்: மதுசாரம் குறைந்த, கொஞ்சம் இனிப்பு மிஞ்சின வைன் எடுங்கள். ரீஸ்லிங் என்ற திராட்சையில் செய்த ஜெர்மன் வெள்ளை வைனில் "கபினெட்" என்று எழுதி 8 முதல் 10 சதவீதம் போட்டிருந்தால் அநேகமாக இனிப்பு இருக்கும், அது பீப்பாவின் மர மணம் பிடித்த வைனும் இல்லை. நண்டுக் கறிக்கு எனக்குத் தெரிந்த அளவில் அதைவிடப் பொருத்தம் இல்லை. நல்லாகக் குளிர வைத்துக் குடியுங்கள்.

சாப்பாட்டுப் பக்கம்: எரிகிற வைனுக்கு எரியாத சாப்பாட்டைக் கொடுங்கள். யாழ்ப்பாணத்துச் சமையல் என்றால் உறைப்பு மட்டும்தான் என்று நாங்களே நினைக்கிறோம், சொதியை மறந்துவிடுகிறோம். முதல் பால் விட்டு, வெந்தயம், பச்சை மிளகாய், வெங்காயம், கறிவேப்பிலை, இறக்கின பிறகு தேசிக்காய்ப் புளி. அந்தப் பாலின் கொழுப்பையும் தேசிப்புளியையும் எடுத்துப் பாருங்கள், ஓக் படாத வைனுக்கு இதைவிட என்ன வேண்டும்? வைனின் புளிப்பு பாலின் கொழுப்பை வெட்டும், பால் வைனின் கூரை மழுக்கும். இடியப்பத்தோடு மீன் சொதி வைத்த ஓர் இரவு, தென்னாபிரிக்காவின் செனான் பிளாங் ஒன்றை ஊற்றினேன். வைன் பக்கமே போகாத என் பெரியம்மா மூன்று விரல் அளவு குடித்துவிட்டு, "இது சொதிக்குப் பிழிஞ்ச தேசிக்காய் மாதிரியே கிடக்கு" என்றா. அதற்குமேல் ஒரு விளக்கமும் எனக்குத் தேவைப்படவில்லை.

கணவாயை மிளகும் உப்பும் மட்டும் பிரட்டிப் பொரித்து மேலே தேசிக்காய் பிழிந்தால் சோவினியோன் பிளாங் நிற்கும். விளைமீன் பொரியல், சுறா வறை, மரவள்ளிக்கிழங்குப் பொரியல், இவையும் சரிவரும். ஆட்டிறைச்சிக் கறிக்கு இதை வைக்காதீர்கள். ஒடியல் கூழுக்கும் வேண்டாம், அது ஆவி பறக்கப் பறக்கக் குடிக்கிற சாமான், அதன் புளிக்கும் உறைப்புக்கும் பக்கத்தில் எந்த வைனும் எடுபடாது.

மீனோடு குடித்தால் வாயில் வெடுக்கு நிற்கிறது

மீன் தனியே நல்லாக இருக்கிறது, வைன் தனியே நல்லாக இருக்கிறது, இரண்டும் சேர்ந்தால் விழுங்கின பிறகு ஒரு வெடுக்கு. வைனில் கரைந்திருக்கும் இரும்புதான் காரணம் என்று ஜப்பானிய ஆய்வாளர்கள் 2009இல் கண்டுபிடித்தார்கள். லீற்றருக்கு 2 மில்லிகிராமுக்கு மேல் இரும்பு இருந்த வைன்களில்தான் அது தெளிவாகத் தெரிந்தது. மீனில் உள்ள எண்ணெயோடு இரும்பு சேர்ந்துதான் அந்த மணத்தை எழுப்புகிறது. எந்தப் போத்தலில் எவ்வளவு இரும்பு என்று நாங்கள் பார்க்க வழியில்லை. அதனால் எண்ணெய்ச் சத்துக் கூடின சூடை, சாளை மாதிரி மீன்களையும் கருவாட்டையும் தவிர்த்து, அன்றைக்குப் பிடித்த வெள்ளைச் சதை மீனை எடுங்கள், தேசிக்காயைத் தாராளமாகப் பிழியுங்கள்.

இனிப்பே இல்லை, வெறும் புளி

வைன் என்றால் எங்களில் பலருக்குக் கிறிஸ்மஸ் கேக்கோடு தருகிற இனிப்பு வைன், இல்லாவிட்டால் தோலகட்டி ஆச்சிரமத்து முந்திரிகை ரசம். அந்த நினைப்போடு உலர் வைனை, அதாவது இனிப்பு மிஞ்சாத வைனைக் குடித்தால் முகம் சுளிக்கத்தான் செய்யும். இது பிழை இல்லை, எதிர்பார்த்தது வேறு. முதல் தரம் எடுப்பவர்கள் நேராகப் பிரெஞ்சு வைனுக்குப் போகாமல், பழ மணம் தூக்கலாக உள்ள ஆர்ஜென்டினாவின் டொரொண்டேஸ், அல்லது சிலி, நியூசிலாந்து சோவினியோன் பிளாங் எடுங்கள். வெறும் வயிற்றில் குடிக்காமல் உப்புப் போட்ட கச்சானோ பொரியலோ பக்கத்தில் வையுங்கள், உப்பு வைனின் புளிப்பை உடனே குறைத்துக் காட்டும். ஒரு துளி உப்பை நாக்கில் வைத்துவிட்டுக் குடித்துப் பாருங்கள், நம்புவீர்கள்.

வனிலா, தேங்காய், புகை

அப்படியென்றால் நீங்கள் வாங்கினது ஓக் பட்டது. ஷார்டனே என்ற வெள்ளை வைனில்தான் இது கூடுதலாக நடக்கும். விலை குறைந்த போத்தல் என்றால் ஓக் இருக்காது என்று நினைக்காதீர்கள், பீப்பா வாங்க வசதியில்லாவிட்டால் ஓக் மரச் சீவல்களைத் தாங்கிக்குள் போட்டு ஊற வைப்பார்கள். அமெரிக்க ஓக் தேங்காய் மணம் கொடுக்கும், தேங்காய்ப்பூத் துருவுகிற எங்களுக்கு அது உடனே பிடிபடும். வெண்ணெய் மணம் மட்டும் வந்தால் அது மரம் இல்லை. வைனில் இருக்கும் அப்பிள் புளிப்பை ஒருவகை பக்டீரியா பால் புளிப்பாக மாற்றும்போது வருகிற மணம் அது, உருக்குத் தாங்கியிலும் வரும்.

வாங்கும்போது "அன்ஓக்ட்" அல்லது "அன்வுடட்" என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். எழுதாவிட்டாலும் பினோ கிரிஜியோ, மஸ்கடே, பிக்பூல், வினோ வேர்டே, ரீஸ்லிங், விலை குறைந்த சோவினியோன் பிளாங் எல்லாம் பெரும்பாலும் மரம் படாதவைதான். பின்பக்கத்து ஒட்டியில் டோஸ்ட், வனிலா, பட்டர் என்று பெருமையாக எழுதியிருந்தால் திரும்ப வைத்துவிடுங்கள்.

நிறம் மஞ்சளடித்து, அவிச்ச அப்பிள் மாதிரி

இது எங்கள் ஊருக்கே உரிய பிழை, காரணம் பாதை. பாரிஸில் இருந்து வந்த சித்தப்பா இரண்டு போத்தல் மஸ்கடே கொண்டுவந்தார். கட்டுநாயக்காவில் இறங்கி, வான் பிடித்து, வழியில் புத்தளத்தில் ஒரு வீட்டில் பகல் சாப்பாடு, பிறகு அநுராதபுரம், வவுனியா. பயணப்பெட்டிகள் வானின் பின்பக்கம், கண்ணாடிக்குக் கீழே. வெயிலில் பூட்டி நிற்பாட்டின வாகனத்துக்குள் 50 பாகை வரைக்கும் போகும். வீட்டுக்கு வந்து எடுத்தபோது ஒரு போத்தலின் தக்கை வாயைவிட ஒரு நெல் அளவு மேலே தள்ளி நின்றது, மேலே சுற்றியிருந்த தகட்டுக்குக் கீழே விரல் வைத்தால் பிசுபிசு என்று ஒட்டியது, பெட்டிக்குள் இருந்த சட்டையில் ஒரு மஞ்சள் வட்டம். வைன் சூட்டில் விரிந்து தக்கையைத் தள்ளி, ஓரத்தால் கசிந்து, குளிர்ந்தபோது காற்றை உள்ளே இழுத்திருக்கிறது. திறந்தால் அவிச்ச அப்பிளும் கச்சான் கோதும் சேர்ந்த மணம். சித்தப்பாவுக்கு மனம் நொந்துபோயிற்று, அங்கே அதைத் தன் கையால் தேடி எடுத்து வந்தவர். அடுத்த பெட்டியில் உடுப்புகளுக்கு நடுவே சுற்றி வைத்திருந்த மற்றப் போத்தல் தப்பிவிட்டது, அன்றிரவே அதைக் கணவாயோடு குடித்தோம்.

இப்படி வெந்த வைனைத் திருத்த வழி இல்லை. அடுத்த தரத்துக்குச் சொல்கிறேன்: உடுப்புகளுக்கு நடுவே சுற்றி, பெட்டியின் நடுவில் வையுங்கள். வானில் வந்தால் ஆட்கள் இருக்கிற குளிர்ப் பக்கத்தில் காலடியில் வையுங்கள், இல்லாவிட்டால் இரவுப் பயணத்தில் கொண்டுவாருங்கள். வெளிநாட்டில் இருந்து வருகிறவர்களிடம் திருகு மூடி போட்டதாகக் கேளுங்கள். 2000ஆம் ஆண்டில் அவுஸ்திரேலியாவின் கிளெயர் பள்ளத்தாக்கில் ரீஸ்லிங் செய்கிறவர்கள் பலர் சேர்ந்து தக்கையை விட்டுத் திருகு மூடிக்கு மாறினார்கள், நியூசிலாந்தும் பின்னாலேயே போனது. திருகு மூடி மலிவின் அடையாளம் இல்லை, எங்கள் வெயிலுக்கு அதுதான் பாதுகாப்பு.

வீட்டுக்கு வந்த பிறகும் இதே கதைதான். சீட்டுக் கூரைக்குக் கீழே, சாமான் அறையில், குசினி அலுமாரிக்குள் மாதக்கணக்கில் வைத்தால் வானில் ஒரு பகலில் நடந்தது மெதுவாக நடக்கும். எங்கள் வீடுகளில் இதை வைக்க உகந்த இடம் பிரிட்ஜ்தான். கீழ்த்தட்டில் படுக்க வைத்தால் மாதங்கள் தாங்கும். 2022 பங்குனியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரைக்கும் கரண்ட் நிற்பாட்டின காலத்தில்கூட, கதவைத் திறக்காமல் விட்டால் அறையைவிட உள்ளே குளிராகத்தான் இருந்தது.

அவிச்ச கோவா (முட்டைக்கோஸ்), ஈரக் கம்பளி

சூட்டால் இல்லை, வெளிச்சத்தால் வருவது. கடையின் முன்பக்கக் கண்ணாடித் தட்டில் வெயில் படவோ ரியூப் லைட்டுக்குக் கீழேயோ நின்ற, நிறமில்லாத போத்தலில்தான் கூட நடக்கும். இங்கே "வைன் ஸ்டோர்ஸ்" என்று பலகை போட்ட கடைகளில் சாராயமும் பியரும்தான் ஓடும், வைன் மேல்தட்டில் தூசியோடு வெளிச்சத்தைப் பார்த்தபடி நிற்கும். பச்சை அல்லது மண்ணிறப் போத்தலாக, பின்வரிசையில் இருப்பதை எடுத்துத் தரச் சொல்லுங்கள். முகம் சுளித்தாலும் எடுத்துத் தருவார்கள். போயா நாளில் கடை பூட்டு, 21 வயதுக்குக் கீழே விற்க மாட்டார்கள், அதையும் கணக்கில் வையுங்கள்.

நெருப்புக்குச்சி, கூழ்முட்டை

பயப்படாதீர்கள், அநேகமாகத் திருத்தலாம். காற்றுப் படாமல் புளித்து, இறுக்கமாக மூடின வைனில் கந்தக மணம் நிற்கும். கிளாஸில் ஊற்றிப் பலமாகச் சுற்றுங்கள், அல்லது ஒரு சாடிக்குள் உயரத்தில் இருந்து ஊற்றிப் பத்து நிமிடம் விடுங்கள். போகாவிட்டால் நன்றாகத் தேய்த்துக் கழுவின வெறும் செப்புக் கம்பித் துண்டு ஒன்றால் கிளாஸை சில வினாடி கலக்கி எடுங்கள், செம்பு அந்தக் கந்தகத்தைப் பிடித்துக்கொள்ளும். பூச்சுப் பூசின கம்பி வேண்டாம்.

நனைந்த கடதாசி மட்டை, பூஞ்சணம்

தக்கையின் பிழை. டிரைகுளோரோஅனிசோல் என்ற பொருள், மிக மிகக் குறைந்த அளவிலேயே மூக்குக்குத் தெரியும், உடம்புக்குக் கெடுதல் இல்லை, ஆனால் பழ மணத்தைத் தின்றுவிடும். நேரம் போகப் போகக் கூடுமே தவிரக் குறையாது, கந்தக மணத்தில் இருந்து இதைப் பிரித்து அறிய அதுதான் வழி. சுத்தமான பொலித்தீன் தாளைக் கசக்கிச் சாடிக்குள் போட்டுக் கொஞ்ச நேரம் வைத்தால் ஓரளவு உறிஞ்சும், ஆனால் நல்ல மணத்தையும் சேர்த்து உறிஞ்சிவிடும். நான் செய்து பார்த்தேன், குடிக்கலாம் என்ற அளவுக்கு வந்தது, ஆசையாகக் குடிக்கும் அளவுக்கு வரவில்லை. வாங்கின கடை பக்கத்தில் என்றால் மூடி வைத்துக் கொண்டுபோய்க் கேளுங்கள்.

கியூடெக்ஸ் அழிக்கிற மருந்து மணம், வினாகிரி

வினாகிரிப் பக்டீரியா வேலை செய்துவிட்டது. புதுப் போத்தலில் திறந்தவுடனேயே இருந்தால் வைனின் பிழை. திறந்து வெளியே விட்ட போத்தல் என்றால் எங்கள் பிழை. கள்ளு வினாகிரியான கதைதான், திரும்பாது.

அடியில் கண்ணாடித் துகள், கிளாஸில் சின்னக் கொப்புளம்

இரண்டும் பிழை இல்லை. துகள் என்று நினைப்பது டார்டாரிக் அமிலத்தின் உப்பு, குளிரில் படிகமாகும். நாங்கள் கறிக்குக் கரைக்கிற பழப்புளியில் இருப்பதும் அதே அமிலம்தான். கவனமாக ஊற்றி அடியை விட்டுவிடுங்கள். கொப்புளம், புளிக்கும்போது வந்த காற்று கொஞ்சம் மிஞ்சியது. வினோ வேர்டேயிலும் சில மஸ்கடேயிலும் அது இருக்கத்தான் வேண்டும்.

அடுத்த நாள் தலையிடி

"வைனில் மருந்து போடுறாங்கள், அதுதான்" என்பார்கள். மருந்து என்பது சல்பைற், வைன் கெடாமல் இருக்கப் போடுகிற கந்தகப் பொருள். ஐரோப்பியச் சட்டத்தில் உலர் சிவப்பு வைனுக்கு லீற்றருக்கு 150 மில்லிகிராம், உலர் வெள்ளைக்கு 200 வரை விடுகிறார்கள். அதாவது சிவப்புக்குத் தலையிடிக்கும் என்று சொல்லி வெள்ளைக்கு வந்தவர்கள் கூட விட்ட பக்கத்துக்குத்தான் வந்திருக்கிறார்கள். ஆஸ்த்மா உள்ளவர்கள் சிலருக்கு சல்பைற் உண்மையிலேயே ஒத்துவராது, அவர்கள் கவனமாக இருக்க வேண்டும். மற்றவர்களுக்குப் பெரும்பாலும் காரணம் அளவும் தண்ணியும்தான். இந்த வெயிலில் வியர்த்த உடம்போடு, குளிராக இருக்கிறதே என்று தண்ணி மாதிரி குடித்தால் தலையிடிக்கும். 750 மில்லிலீற்றர் போத்தல் ஐந்து பேருக்கு ஒவ்வொரு கிளாஸ். ஒரு கிளாஸ் வைனுக்கு ஒரு கிளாஸ் தண்ணி, சாப்பாட்டோடு. குடித்தால் மோட்டார் சைக்கிளைத் தொட வேண்டாம்.

பாதிப் போத்தல் மிஞ்சிவிட்டது

மேசையில் விட்டால் இங்கே அடுத்த நாளே களைத்துவிடும். மூடிப் பிரிட்ஜில் வைத்தால் இரண்டு மூன்று நாள். இன்னும் நல்லது, மிஞ்சும் என்று தெரிந்தால் திறந்தவுடனேயே பாதியை நன்றாகக் கழுவிக் காயவைத்த சின்னச் சோடாப் போத்தலில் கழுத்து முட்ட ஊற்றி இறுக்க மூடுங்கள், உள்ளே காற்று இருக்கக் கூடாது. அப்படி வைத்தது ஐந்தாம் நாளும் எனக்கு நல்லாகவே இருந்தது. அதையும் தாண்டினால் மட்டி வாங்கி வந்து, உள்ளியும் சின்ன வெங்காயமும் வதக்கி, மிச்ச வைனை ஊற்றி மூடுங்கள். ஓடுகள் வாய் திறந்தவுடன் அடுப்பை நிற்பாட்டிக் கொஞ்சம் முதல் பால் விட்டு இறக்குங்கள், பாணைத் தோய்த்துச் சாப்பிடலாம்.